வேரில் ஒட்டிய குமிழ் யாருடைய வீட்டில் சாப்பிடுகிறது? டிஎன்ஏ வைத்து ஓம்புயிரைக் கண்டுபிடிப்பது பற்றி

வேர்முடிச்சு | திங்கள், இரவு 9:40

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக ஒரு ஓரோபாங்கி இனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் (புகையிலைக் காளான் என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும், பெயரில்தான் காளான், உண்மையில் பூக்கும் செடி). பச்சையம் துளியும் கிடையாது. பழுப்பாக ஒரு தண்டு, மேலே பூக்கள், அவ்வளவுதான். தரிசு நிலத்தில் ஏழெட்டு வகைக் களைகளுக்கு நடுவே நிற்கிறது. எதன் வேரிலிருந்து உறிஞ்சுகிறது என்பதுதான் என் கேள்வி.

தோண்டிப் பார்த்தேன். கீழே வேர்கள் சிக்கெடுக்க முடியாத நூல்கண்டு மாதிரி கிடக்கின்றன. ஒட்டுண்ணியின் அடிக்குமிழ் தெரிகிறது, அதில் ஒட்டியிருக்கும் வேரும் தெரிகிறது. அந்த வேரைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் நாலு விரற்கடைக்குள் அறுந்துவிடுகிறது. பதினோரு செடி தோண்டியதில் ஓம்புயிரின், அதாவது ஒட்டுண்ணிக்கு உணவு தரும் செடியின், தண்டுவரை போய்ச் சேர முடிந்தது இரண்டில் மட்டும்.

வேரிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்துவிடு என்கிறார் வழிகாட்டி. இரண்டு செடியின் திசுவும் பின்னிக் கிடக்கும் இடத்தில் எடுத்தால் இரண்டின் டிஎன்ஏவும்தானே வரும்? எதை எப்படிப் பிரிப்பது? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மண்வெட்டி | திங்கள், இரவு 10:15

இவ்வளவு பாடு எதற்கு? பக்கத்தில் எந்தச் செடி அதிகமாக நிற்கிறதோ அதை ஓம்புயிர் என்று குறித்துக்கொள்ள வேண்டியதுதானே. நான் களப்பயணம் போகும்போது அப்படித்தான் பட்டியலில் எழுதி வருகிறேன். புல்லுருவி மாதிரி கிளைமேல் உட்கார்ந்திருந்தால் பிரச்சினையே இல்லை. மண்ணுக்குள் இருப்பதற்கு இது ஒரு நியாயமான ஊகம்.

பழைய_ஆய்வகன் | திங்கள், இரவு 11:02

மண்வெட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஓம்புயிர்ப் பட்டியல்கள் நம்ப முடியாமல் போனதே இந்த “நியாயமான ஊகத்தால்”தான். பக்கத்தில் நிற்பவனெல்லாம் கூட்டாளி என்றால் எப்படி? வேரொட்டுண்ணி ஒரு முழம் தள்ளி நிற்கும் செடியின் வேரைப் பிடித்திருக்கலாம். ரைனாந்தஸ் மைனர் என்ற புல்வெளிச் செடிக்கு 18 குடும்பங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 50 ஓம்புயிர்கள் என்ற கணக்கு 1989இல் வெளிவந்தது. அது அக்கம்பக்கத்தைப் பார்த்து எழுதியதல்ல; வேர்களைத் தோண்டி எடுத்து, உறிஞ்சுறுப்பு (ஓம்புயிரின் வேரைத் துளைத்து உறிஞ்சும் உறுப்பு) எதில் பதிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணியது.

வேர்முடிச்சுக்கு: கேள்வி சரியான கேள்வி தம்பி. முதலில் எளிய பதில். கலப்பைப் பிரிக்க யோசிக்கும் முன், கலக்காமல் எடுக்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் செடியில் குமிழைத் தாண்டி ஓம்புயிரின் வேர் ஒரு துண்டாவது நீட்டிக்கொண்டிருக்கும். குமிழிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி, அந்த வேரை மட்டும் வெட்டுங்கள். உள்ளே ஒட்டுண்ணியின் இழை ஊடுருவியிருந்தாலும் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. மண்ணை நன்றாகக் கழுவி, வேரின் மேல்தோலைக் கத்தி முனையால் சுரண்டிவிட்டு, சிலிக்கா ஜெல்லில் போட்டுக் காயவையுங்கள். அறுந்த வேர் கிடைத்தால் போதும், அது எங்கே போகிறது என்று தொடர வேண்டியதில்லை. டிஎன்ஏ தரும் பெரிய வசதி இதுதான்.

தண்டிலிருந்து எடுப்பதைவிட வேரிலிருந்து டிஎன்ஏ எடுப்பது சள்ளை பிடித்த வேலை. பழுப்பு நிறப் பீனால் பொருட்கள் கூடவே வந்து பிசிஆரை (டிஎன்ஏவின் ஒரு பகுதியை நகலெடுத்துப் பெருக்கும் வேலையை) முடக்கும். சிடாப் முறையில் (டிஎன்ஏ பிரித்தெடுக்கும் ஒரு வழி), பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்த்துச் செய்யுங்கள். எடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்தும் ஓட்டிப் பாருங்கள். ஜெல்லில் பட்டை (பெருகிய டிஎன்ஏவின் கோடு) வராததற்கு டிஎன்ஏ குறைவு என்பதைவிட அழுக்கு அதிகம் என்பதே பலமுறை காரணம்.

வேர்முடிச்சு | செவ்வாய், காலை 7:20

மிக்க நன்றி ஐயா. (தம்பி இல்லை, தங்கை!) குமிழ் பெரிதாக இருக்கும் செடிகளில் நீங்கள் சொன்னபடி வெட்டலாம். ஆனால் நாலைந்து செடிகளில் அந்தப் பக்கத்து வேர் மயிரிழைபோல இருக்கிறது. அதுவும் குமிழோடு ஒட்டியே அறுந்திருக்கிறது. அவற்றில் குமிழின் ஓரத்தையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்போது?

தழையிலான் | செவ்வாய், காலை 9:48

உங்கள் செடி சோம்பேறியாக இருப்பதே உங்களுக்கு வசதி. எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு செடி தானே சமைப்பதை விட்டுவிட்டால், சமையல் பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி எறியத் தொடங்குகிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்கென்று தனியாக ஒரு டிஎன்ஏ வளையம் உண்டல்லவா, அது புகையிலையில் சுமார் 1,56,000 எழுத்து நீளம். ஓரோபாங்கியின் உறவான எபிஃபேகஸ் வர்ஜீனியானாவில் அது 70,028 எழுத்துதான். இது 1992இலேயே முழுசாகப் படிக்கப்பட்டது. ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் அதில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. (அது பீச் மரத்தின் வேரில் மட்டுமே வாழ்வது. ஓம்புயிர் தேடும் வேலையே இல்லாத செடி என்று பொறாமைப்படலாம்.)

தாவரங்களை அடையாளம் காண 2009இல் சர்வதேச அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட இரண்டு பார்கோடு மரபணுக்கள் ஆர்பிசிஎல், மாட்கே. இதில் ஆர்பிசிஎல் ஒளிச்சேர்க்கைக்கானது. ஒட்டுண்ணியிடம் அது இல்லை, ஓம்புயிரிடம் இருக்கிறது. கலந்த டிஎன்ஏவிலும் ஆர்பிசிஎல் பிரைமர் (எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று காட்டும் குட்டி டிஎன்ஏ) போட்டால் பெருகுவது ஓம்புயிருடையது மட்டும். ஒட்டுண்ணி தொலைத்த மரபணுவே நமக்கு வடிகட்டி. எனக்கு இது எப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும் உத்தி. திருடன் தன் வீட்டில் அடுப்பே இல்லை என்பான். அப்படியானால் அவன் கையில் இருக்கும் அகப்பை யாருடையது?

நுண்ணோக்கி | செவ்வாய், காலை 11:30

தழையிலான் சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் பாதி உண்மை. “இல்லை” என்பதற்கும் “உடைந்து கிடக்கிறது” என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஓரோபாங்கி உறவினர்களில் பலவற்றில் ஆர்பிசிஎல் முழுசாகப் போய்விடவில்லை. வேலை செய்யாத போலி மரபணுவாக அப்படியே கிடக்கிறது. சில இனங்களில் சேதமே இல்லாமல் வாசிக்கத்தக்க நிலையில் இருப்பதும் தெரிந்த விஷயம். பிரைமர் ஒட்டும் இடம் தப்பியிருந்தால் அதுவும் பெருகும். இன்னொரு சிக்கல்: பசுங்கணிகத்திலிருந்து தொலைந்த துண்டுகள் ஒட்டுண்ணியின் சொந்த உட்கருவுக்கோ மைட்டோகாண்ட்ரியாவுக்கோ குடிபெயர்ந்து பழைய சாமான்போல அங்கே கிடக்கலாம். ஓரோபாங்கிக் குடும்பத்தில் இது நிறைய நடந்திருக்கிறது.

அதனால் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அதே ஒட்டுண்ணியின் பூவிலிருந்து, அதாவது வேரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில், கொஞ்சம் திசு எடுத்து அதே பிரைமரை ஓட்டுங்கள். பூவில் எதுவும் வரவில்லை, குமிழில் வருகிறது என்றால் நிம்மதி. பூவிலும் அதே வரிசை வந்தால் அது ஓம்புயிர் அல்ல, ஒட்டுண்ணியின் சொந்தச் சொத்து. இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் “ஓம்புயிர் இதுதான்” என்று எழுதுபவர்களோடு நான் வாதாடுவதில்லை, படிப்பதையே நிறுத்திவிடுகிறேன்.

தழையிலான் | செவ்வாய், காலை 11:41

ஒப்புக்கொள்கிறேன். பூ சோதனையை நானே சொல்லியிருக்க வேண்டும்.

சந்தனக்கன்று | செவ்வாய், மாலை 4:05

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தேவை, ஆனால் என் செடி சந்தனம். அது பகுதி ஒட்டுண்ணி, இலை பச்சையாகவே இருக்கும், ஒளிச்சேர்க்கையும் செய்யும். 300க்கும் மேற்பட்ட ஓம்புயிர்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். அதன் ஆர்பிசிஎல் முழுசாக இருக்கிறது. அப்படியானால் தழையிலான் சொன்ன வடிகட்டி எனக்கு வேலை செய்யாதுதானே?

தழையிலான் | செவ்வாய், மாலை 4:50

செய்யாது. உறிஞ்சுறுப்பில் எடுத்தால் பத்தில் எட்டு ஒன்பது பங்கு சந்தனத்தின் டிஎன்ஏவே வந்து நிற்கும், சாங்கர் முறையில் (ஒரு நேரத்தில் ஒரே வரிசையைப் படிக்கும் முறை) படித்தால் சந்தனம் என்றே பதில் வரும். அல்லது ஒவ்வொரு இடத்திலும் இரட்டை உச்சியாக, இரண்டு எழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக, வந்து வாசிக்கவே முடியாது.

உங்களுக்கு மூன்று வழி தெரிகிறது. நீளத்தை வைத்துப் பிரிப்பது ஒன்று: டிஆர்என்எல் இன்ட்ரான் (பசுங்கணிக டிஎன்ஏவின் ஒரு பகுதி) செடிக்குச் செடி நீளம் மாறும், ஜெல்லில் இரண்டு பட்டையாகப் பிரிந்தால் ஓம்புயிர்ப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்துப் படிக்கலாம். அதிர்ஷ்டம் வேண்டும். அடுத்தது, சந்தனத்தின் வரிசை நமக்குத் தெரியும் என்பதால், பிரைமரின் 3 பிரைம் முனை (பெருக்கம் தொடங்கும் நுனி) சந்தனத்தோடு பொருந்தாதபடி வடிவமைப்பது. கடைசி எழுத்து பொருந்தாவிட்டால் பெருக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் 300 ஓம்புயிர்களோடும் பொருந்த வேண்டுமே, அங்கேதான் தலைவலி. மூன்றாவது, அடைப்பான். பெப்டைடு நியூக்ளிக் அமிலத்தில் சந்தனத்தின் வரிசைக்கு ஏற்ற ஒரு சின்னத் துண்டைச் செய்து போட்டால் அது சந்தன டிஎன்ஏமேல் இறுக்கமாக உட்கார்ந்து வழியை மறித்துக்கொள்ளும். பெருக்கும் நொதிக்கு அதைத் தாண்ட முடியாது. வழி திறந்திருப்பது மற்றவற்றுக்கு மட்டும்.

பழைய_ஆய்வகன் | செவ்வாய், மாலை 6:33

இதெல்லாம் சரி. ஆனால் சந்தனத்திலும் முதலில் கத்தியை நம்புங்கள் என்பேன். உறிஞ்சுறுப்பு மணிபோல ஒட்டியிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் போகும் வேரை வெட்டி எடுத்தால் அடைப்பானும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கத்து வேரும் சந்தனமாக இருக்கலாம். தன் வேரிலேயே தான் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. முடிவு “சந்தனம்” என்று வந்தால் உடனே சோதனை தோற்றது என்று தூக்கிப் போடாதீர்கள்.

விருந்துக்காரன் | செவ்வாய், இரவு 8:12

பெயர் பற்றி ஒரு சின்னக் குறுக்கீடு. நாங்கள் படித்த புத்தகத்தில் ஓம்புயிர் என்ற சொல்லே இல்லை, “விருந்துவழங்கி” என்றுதான் இருந்தது. நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதும் அதனால்தான். அழைக்காமல் வந்து, வேரைத் துளைத்து, உட்கார்ந்து உறிஞ்சுபவனுக்கு விருந்து வழங்குவது என்ன நியாயமோ!

சரி, என் கேள்வி. ஒவ்வொரு வேராக வெட்டி, கழுவி, சுரண்டி... இத்தனை எதற்கு? மொத்த வேர்க்கொத்தையும் அரைத்து, டிஆர்என்எல் பகுதியின் குட்டித் துண்டை (பி6 வளையம், 10 முதல் 143 எழுத்து வரைதான் நீளம், சிதைந்த டிஎன்ஏவிலும் வரும்) பெருக்கி, புதிய தலைமுறை சீக்வென்சிங்கில் (ஏராளமான துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்கும் முறை) போட்டால் ஒரே ஓட்டத்தில் எல்லா ஓம்புயிர்களும் வரிசையாக வந்து நிற்குமே?

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9:00

வந்து நிற்கும். ஓம்புயிர்கள் மட்டுமல்ல, அந்த மண்ணில் வேர் விட்ட அத்தனை செடியும் வந்து நிற்கும். போன வருடம் செத்து மக்கிய வேரும் வரும். நீங்கள் வாங்குவது கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் பட்டியல். யார் யார் சாப்பிட்டார்கள் என்ற பட்டியல் அல்ல.

அதோடு, எந்தச் செடிக்கு எத்தனை வாசிப்பு (படிக்கப்பட்ட துண்டு) வந்தது என்பதை எத்தனை பங்கு உறிஞ்சியது என்று படிக்கிற வழக்கம் வேறு பரவியிருக்கிறது. பிரைமர் ஒருவனை விரும்பும், இன்னொருவனை விரும்பாது. ஒரு செடியின் வேரில் பசுங்கணிக டிஎன்ஏ அதிகம், இன்னொன்றில் குறைவு. வாசிப்பு எண்ணிக்கையில் அளவு பேசுவது ஆபத்து.

அந்தக் குட்டித் துண்டுக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. நீளம் குறைவு என்பதால் பல குடும்பங்களில் பேரினத்தைத் தாண்டிப் போகாது. ஆர்பிசிஎல், மாட்கே இரண்டையும் முழுசாகச் சேர்த்துப் படித்தபோதே இனம் பிரிந்தது 72 சதவீதத்தில்தான்.

விருந்துக்காரன் | செவ்வாய், இரவு 9:26

மொத்த மண்ணையும் அரைக்கச் சொல்லவில்லை. உறிஞ்சுறுப்புகளை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளத் துண்டு ஒட்டி, நூறையும் சேர்த்து ஓட்டலாம் என்கிறேன். அப்போது ஒவ்வொரு உறிஞ்சுறுப்பும் தனி மாதிரி. சந்தனக்கன்று போன்றவர்களுக்கு ஒரு மரத்தில் இருநூறு உறிஞ்சுறுப்பு இருந்தால் இருநூறு சாங்கர் ஓட்டுவாரா?

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9:40

அப்படியானால் சரி. முதல் பதிவில் “மொத்த வேர்க்கொத்தையும் அரைத்து” என்று எழுதியிருந்தீர்கள். வெற்று மாதிரிகளையும் கூடவே ஓட்டுங்கள்: டிஎன்ஏ எடுக்கும்போது ஒன்று, பிசிஆரில் ஒன்று. அடையாளத் துண்டுகள் ஒரு மாதிரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது உண்டு. வெற்று மாதிரியில் எத்தனை வாசிப்பு வருகிறதோ அதற்குக் கீழே வருவதை நம்பாதீர்கள்.

கொத்தான்கொடி | புதன், காலை 10:10

எல்லோரும் வேரிலேயே நிற்கிறீர்கள். நான் அம்மையார் கூந்தலைப் பார்ப்பவள். அங்கே ஓம்புயிர் எது என்பது கண்ணுக்கே தெரியும் என்பீர்கள். ஆனால் ஒரே கொடி நாலு செடிமேல் படர்ந்திருக்கும், எதில் உண்மையில் துளைத்திருக்கிறது, எதில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொல்வது சுலபமில்லை.

நான் இங்கே வந்தது வேறு ஒன்றைச் சொல்ல. ஒட்டுண்ணிக்கும் ஓம்புயிருக்கும் நடுவே போகிறது சத்து நீர் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2014இல் வந்த ஆய்வு ஒன்று அம்மையார் கூந்தலை அரபிடோப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு சின்னச் செடி) மேலும் தக்காளி மேலும் படரவிட்டுப் பார்த்தது. தூது ஆர்என்ஏக்கள் ஆயிரக்கணக்கில் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தன. 2018இல் இன்னொன்று: அம்மையார் கூந்தலின் நுண் ஆர்என்ஏக்கள் ஓம்புயிருக்குள் போய் அதன் மரபணுக்களை அடக்குகின்றன. அதனால் கொடியில் ஓம்புயிரின் ஆர்என்ஏ கிடைத்தால் குழாய் திறந்திருக்கிறது என்று பொருள். டிஎன்ஏ சொல்லாத ஒன்றை ஆர்என்ஏ சொல்கிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறது என்பதை.

இன்னொன்று. அம்மையார் கூந்தல் இனங்களில் எந்த மரபணு போயிற்று என்பது இனத்துக்கு இனம் மாறும். சிலவற்றில் மாட்கே போய்விட்டது, ஆனால் ஆர்பிசிஎல் இருக்கிறது. உங்கள் செடியின் பட்டியலை முதலில் பார்த்துவிட்டு வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய_ஆய்வகன் | புதன், பகல் 12:25

தூது போகும் ஆர்என்ஏ பற்றி வந்ததால் இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத பெரிய பள்ளத்தையும் காட்டிவிடுகிறேன். மரபணுத் திருட்டு.

ரஃப்லீசியாவை எல்லோருக்கும் தெரியும். ஒரு மீட்டர் அகலம் வரை பூ, வேர் இல்லை, தண்டு இல்லை, இலை இல்லை. மற்ற நேரமெல்லாம் டெட்ராஸ்டிக்மா என்ற திராட்சைக் குடும்பக் கொடிக்குள் நூல்போல வாழும். 2004இல் அதன் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றைப் படித்து உறவு பார்த்தபோது அது திராட்சைக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தது. மற்ற மரபணுக்கள் வேறு இடம் காட்டின. ஒட்டுண்ணி, தான் வாழும் கொடியின் மரபணுவையே தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தது. 2007இல் ரஃப்லீசியாவின் உண்மையான சொந்தக்காரர்கள் ஆமணக்குக் குடும்பம் என்று தெரியவந்தது.

லோஃபோஃபைட்டம் என்று தென்னமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. அதன் மைட்டோகாண்ட்ரியாவில் புரதம் செய்யும் மரபணுக்களில் சுமார் 80 சதவீதம் பயறுவகை ஓம்புயிர்களிடமிருந்து வந்தவை என்று 2017இல் காட்டினார்கள். சொந்தமாக என்ன வைத்திருக்கிறது என்று கேட்கவேண்டிய நிலை.

உட்கருவிலும் இது நடக்கிறது. சோளத்தின் வேரில் ஒட்டும் சுடுமல்லி இருவித்திலைத் தாவரம், சோளம் ஒருவித்திலை. ஆனாலும் சுடுமல்லியின் உட்கருவில் சோளத்தின் மரபணுவை ஒத்த ஒன்று இருப்பதை 2010இல் கண்டார்கள்.

இதன் விளைவு என்ன? உங்கள் மாதிரியில் பயறுவகையின் மரபணு வந்தால் இரண்டு கதை சாத்தியம். இன்று பயறுவகையின் வேரைப் பிடித்திருக்கிறது. அல்லது இதன் பாட்டன் பூட்டன் என்றோ பயறுவகையைப் பிடித்திருந்தான், அந்தத் தடயம் இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களை ஓம்புயிர் தேடப் பயன்படுத்தாதீர்கள், ஆபத்து அங்கேதான் அதிகம். நுண்ணோக்கி சொன்ன பூ சோதனை இங்கேயும் காப்பாற்றும். தின்ற சோறு பூவுக்குப் போகாது, திருடிச் சேர்த்த சொத்து பூவிலும் இருக்கும்.

இதே தடயத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இன்றைய ஓம்புயிரோடு பொருந்தாத அந்நிய மரபணு இருந்தால், முன்னொரு காலத்தில் வேறு யாரையோ பிடித்திருந்ததற்கு அது சாட்சி. கைவிட்டுப்போன ஓம்புயிரைத் தேடும் வேலை. எனக்கு இன்னும் இருபது வயது குறைவாக இருந்திருந்தால் அதில்தான் இறங்கியிருப்பேன்.

மண்வெட்டி | புதன், பகல் 1:15

படிக்கப் படிக்க நான் எழுதிய பட்டியல்கள் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்குகிறது. போகட்டும். மோனோட்ரோப்பா என்ற வெள்ளைச் செடிக்கும் இதே முறை சரிப்படுமா? அதுவும் பச்சையம் இல்லாததுதானே.

நுண்ணோக்கி | புதன், பகல் 2:02

அது இந்தக் கூட்டத்தில் சேராது. மோனோட்ரோப்பாவுக்கு உறிஞ்சுறுப்பு கிடையாது, எந்தச் செடியின் வேரையும் துளைப்பதில்லை. அது பூஞ்சையை உண்கிறது. பூஞ்சை மரத்தின் வேரோடு கூட்டு வைத்திருக்கிறது. 1960இலேயே கதிரியக்கச் சர்க்கரையை மரத்துக்குள் செலுத்திப் பார்த்தார்கள், அது மோனோட்ரோப்பாவில் வந்து சேர்ந்தது. அங்கே தேட வேண்டியது பூஞ்சையின் ஐடிஎஸ் பகுதி (இனம் பிரிக்க உதவும் உட்கரு டிஎன்ஏத் துண்டு).

நல்ல வேளை கேட்டீர்கள், இதையொட்டி வேர்முடிச்சுக்கு ஒன்று. நீங்கள் ஐடிஎஸ் பயன்படுத்துவதாக இருந்தால் செடிக்கென்றே உள்ள பிரைமரைத் தேர்ந்தெடுங்கள். பொது பிரைமர் வேரில் வாழும் பூஞ்சையைத்தான் முதலில் பெருக்கித் தரும். நான் ஒரு வாரம் அப்படிப் பூஞ்சைப் பட்டியல் சேகரித்திருக்கிறேன்.

சந்தனக்கன்று | புதன், மாலை 5:30

ஒரு அடிப்படைக் கேள்வி பாக்கி. உறிஞ்சுறுப்பு ஒட்டியிருக்கிறது, டிஎன்ஏ பெயரும் சொல்லிவிட்டது. அதனால் அது ஓம்புயிர் என்று முடிவா? ஒட்டிக்கொண்டும் உறிஞ்சாமல் இருக்கலாமே?

பழைய_ஆய்வகன் | புதன், இரவு 7:48

இருக்கலாம், இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நூய்ட்சியா என்ற மரம் மண்ணுக்குள் புதைத்த கேபிள்களையே வேர் என்று நினைத்து வளைத்து வெட்டியிருக்கிறது. உறிஞ்சுறுப்பு இருக்கிறது என்பதற்காகக் கேபிளை ஓம்புயிர்ப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

முளைப்பதும் அப்படித்தான். சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டும் ஸ்ட்ரிகால் என்ற வேதிப்பொருள் 1966இல் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது பருத்தி வேரிலிருந்து. பருத்தியில் சுடுமல்லி வாழாது. முளைத்துச் சாகும்.

உறிஞ்சுகிறதா என்று தெரிய வேறு கருவி வேண்டும். வேரைக் குறுக்கே சீவி, இரண்டின் சைலக் குழாயும் (நீர் கடத்தும் குழாய்) இணைந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய வழி, நல்ல வழி. கார்பன் ஐசோடோப்பு இன்னொன்று. ஒளிச்சேர்க்கை முறையில் சோளம் சி4 வகை, சுடுமல்லி சி3 வகை, இரண்டின் கார்பன் கையெழுத்தும் வேறு. 1987இல் அதை வைத்துத்தான் சுடுமல்லி இலையிலுள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சோளத்திலிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். பச்சை இலை வைத்துக்கொண்டு செய்கிற வேலை! ஓம்புயிரும் ஒட்டுண்ணியும் ஒரே வகையாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது, அடையாளமிட்ட கார்பனையோ நைட்ரஜனையோ ஓம்புயிருக்குக் கொடுத்துத் தேட வேண்டும்.

டிஎன்ஏ பெயர்ப்பலகை வைக்கும். உள்ளே கொடுக்கல் வாங்கல் நடக்கிறதா என்பதற்கு அது பொறுப்பல்ல.

வேர்முடிச்சு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8:30

முடிவுகளோடு வந்திருக்கிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், முதல் இரண்டு முறை பட்டையே வரவில்லை. பழைய_ஆய்வகன் ஐயா சொன்னபடி நூறு மடங்கு நீர்த்ததும் வந்தது.

பதினோரு செடியிலும் ஆர்பிசிஎல் ஓட்டினேன். எல்லாச் செடியின் பூவிலும் ஓட்டினேன். ஏழில் குமிழ் ஓர வேர் சூரியகாந்திக் குடும்பம் என்றது, பூவில் எதுவும் வரவில்லை. ஒன்றில் இரட்டை உச்சி, படிக்க முடியவில்லை. ஒன்றில் பட்டையே இல்லை. மீதி இரண்டில் வந்த வரிசை பூவிலும் அப்படியே வந்தது. நடுவே நிறுத்தக் குறியீடு விழுந்த உடைந்த ஆர்பிசிஎல். நுண்ணோக்கி சொல்லியிருக்காவிட்டால் “ஓரோபாங்கி ஓரோபாங்கியையே உறிஞ்சுகிறது” என்று எழுதியிருப்பேன்!

அந்த ஏழிலும் ஆர்பிசிஎல் மட்டும் வைத்துப் பேரினம் பிரியவில்லை. அதனால் அந்த இடத்தில் நிற்கும் எல்லாக் களைகளின் இலையையும் எடுத்து, செடிக்கான பிரைமரோடு ஐடிஎஸ் ஓட்டி எனக்கென்று ஒரு சின்ன ஒப்பீட்டுப் பட்டியல் செய்துகொண்டேன். ஏழில் ஆறு ஒரே இனத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. ஒன்று அதன் பக்கத்துப் பேரினம்.

இப்போது குழப்பம். கையால் கடைசிவரை தொடர்ந்து போன இரண்டு செடி இருந்தது நினைவிருக்கிறதா? அந்த இரண்டும் இந்த ஏழுக்குள் இருக்கின்றன. ஒன்றில் கையும் டிஎன்ஏவும் ஒத்துப்போகின்றன. இன்னொன்றில் என் கை பயறுவகைச் செடியில் போய் நின்றது, டிஎன்ஏ சூரியகாந்திக் குடும்பம் என்கிறது. பூவில் ஒன்றும் வராத மாதிரி அது. எதை நம்புவது?

நுண்ணோக்கி | ஞாயிறு, காலை 10:05

இரண்டையும் நம்பாமல் மூன்றாவதைப் பாருங்கள். அந்தக் குமிழ் இன்னும் இருக்கிறதா? ஆல்கஹாலில் போட்டு வைத்திருந்தால் குறுக்கே சீவிப் பாருங்கள். எத்தனை வேர் உள்ளே நுழைகிறது என்று எண்ணுங்கள்.

வேர்முடிச்சு | செவ்வாய், இரவு 10:50

சீவிப் பார்த்தேன். பயறுவகை வேர் குமிழின் அடியில் ஒரு பள்ளத்தில் பதிந்து, அதைத் தொட்டபடியே அந்தப் பக்கம் போய்விடுகிறது. தோல் கிழியவே இல்லை. உள்ளே சைலம் சைலத்தோடு சேர்வது வேறொரு மெல்லிய வேரில். அது குமிழிலிருந்து இரண்டு மில்லிமீட்டரில் அறுந்திருக்கிறது. மாதிரிக்கு நான் வெட்டிய துண்டு அதுதான். தோண்டிய அன்று தடித்து நின்ற வேரைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் போயிருக்கிறேன்.

மண்வெட்டி | புதன், காலை 6:15

முக்கால் மணி நேரம் தோண்டிய உங்களுக்கே இந்தக் கதி. நான் நின்ற இடத்தில் நின்று எழுதியவன். வேரொட்டுண்ணிகளுக்கு நான் சேர்த்த ஓம்புயிர் வரிகள் பதினாலு இருக்கின்றன. இன்று உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே “அருகில் நின்றது” என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன்.